வந்து போகும் பழுது

காரின் மின்சுற்றில் நிலையான பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. முகப்பு விளக்கு எரியவில்லை என்றால் இன்றும் எரியாது, நாளையும் எரியாது. ஃபியூஸிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வந்து போகும் பழுது அப்படியல்ல. ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். ஊகத்தின் பேரில் ஒரு பாகத்தை மாற்றுவார்கள்; ஒரு வாரம் தொல்லை இருக்காது; பிறகு அதே பழுது திரும்பும். பேட்டரி, ஆல்டர்னேட்டர், பெட்ரோல் பம்ப், சென்சார் என்று வரிசையாக எல்லாம் புதிதான பிறகு, துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்தான் காரணம் என்று தெரியவரும்.

காரணமே இல்லாமல் வருவதுபோலத் தோன்றினாலும் இந்த வகைப் பழுதுக்கு எப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. வெப்பம், ஈரம், அதிர்வு, ஒயரின் வளைவு, மின்சுமை ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ ஓர் அளவைத் தாண்டும்போது சுற்று துண்டிக்கப்படுகிறது; அது தணியும்போது மறுபடி இணைகிறது. ஆகவே கெட்ட பாகத்தைத் தேடுவதற்கு முன் நிபந்தனையைத் தேட வேண்டும். வீட்டு வாசலில் நின்று இதைக் கண்டுபிடிக்க நினைப்பவருக்கு ஒரு நோட்டு, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், நிறையப் பொறுமை இவை போதும்.

இன்றைய காரில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு ஒயர் ஓடுகிறது. ஆனாலும் ஒயரின் நடுப்பகுதி கெடுவது அரிது. பழுது பெரும்பாலும் இணைப்புகளில்தான் இருக்கும்: பேட்டரி டெர்மினல், எர்த் போல்ட், ஃபியூஸ் உட்காரும் பள்ளம், ரிலேயின் கால்கள், மெக்கானிக்குகள் கப்ளர் என்று சொல்லும் பிளாஸ்டிக் இணைப்புகள். எவ்வளவு வழவழப்பான உலோகமானாலும் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு உலோகப் பரப்புகள் சேரும்போது மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மொத்த மின்னோட்டமும் அந்தச் சில புள்ளிகள் வழியாக நெருக்கிக்கொண்டு போயாக வேண்டும். சுவீடனைச் சேர்ந்த இயற்பியலாளர் ராக்னர் ஹோம் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தத் தொடுபுள்ளிகளை ஆராய்வதிலேயே செலவிட்டார். மின்தொடர்புகளைப் பற்றிய அவருடைய நூலிலிருந்தே இந்தத் துறையின் அடிப்படைக் கணக்குகள் வருகின்றன.

கார் டெர்மினல்களில் பெரும்பாலானவை வெள்ளீயப் பூச்சு கொண்டவை. வெள்ளீயம் மிருதுவானது, அதன்மேல் படியும் ஆக்சைடு படலம் மெல்லியது, ஆனால் கடினமானது, மின்சாரத்தை எளிதில் விடாதது. கப்ளரை அழுத்திப் பொருத்தும்போது அந்தப் படலம் உடைந்து உலோகத்தோடு உலோகம் சேர்கிறது. பிறகு வண்டி ஓடுகிறது. என்ஜின் சூடாகிக் குளிர்கிறது. டெர்மினல்கள் ஒன்றன்மேல் ஒன்று சில மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடவும் குறைவான தூரம், முன்னும் பின்னுமாக உராய்கின்றன. ஒவ்வொரு உராய்விலும் புதிய உலோகம் வெளிப்பட்டு ஆக்சைடாகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கருநிறத் தூள் சேர்ந்து தொடுபுள்ளிகளை மூடிவிடுகிறது. ஒரு குலுக்கலில் தொடர்பு போகிறது, அடுத்த குலுக்கலில் திரும்ப வருகிறது.

பட்டறையில் அடிக்கடி நடக்கும் ஒன்றுக்கு இதில் விளக்கம் இருக்கிறது. ஒரு சென்சாரை மாற்ற வேண்டுமானால் அதன் கப்ளரைக் கழற்றி மாட்ட வேண்டும். கழற்றி மாட்டும்போதே கருந்தூள் வழிக்கப்பட்டுத் தொடர்பு சரியாகிவிடுகிறது. பலன் புதிய சென்சாரின் கணக்கில் சேர்கிறது. சில வாரங்களில் தூள் மறுபடி சேரும்போது அந்தப் புதிய சென்சாரும் கெட்டது என்று முடிவாகிறது. இதனால்தான் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் பழுது வெளிப்படும்வரை எந்தக் கப்ளரையும் தொடுவதில்லை. தொட்டால் சாட்சியம் அழிந்துவிடும்.

ஒரே மோசமான தொடர்பு ஒவ்வொரு சுற்றில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். பேட்டரி டெர்மினலில் 0.02 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்விளக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர்தான் இழுக்கும். அதற்கு இழப்பு 0.01 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது அதே தடையில் 3 வோல்ட் போய்விடும். மோட்டார் சுற்றாமல் டிக் என்ற ஒலி மட்டும் கேட்கும். விளக்கு பிரகாசமாக எரிகிறது, ஆகவே பேட்டரித் தொடர்பு சரியாக இருக்கிறது என்ற முடிவு இதனால்தான் தவறாகப் போகிறது. சென்சார்களின் நிலை இதற்கு நேர்மாறு. அவற்றில் ஓடுவது சில மில்லிஆம்பியர், 5 வோல்ட் அழுத்தத்தில். ஆக்சைடு படலத்தைத் துளைத்துக்கொண்டு போக அந்தச் சிறு மின்சாரத்துக்கு வலு போதாது. ஏர்பேக் இணைப்புகள் பலவற்றுக்குத் தங்கப் பூச்சு கொடுப்பது இதனால்தான்.

எர்த் என்னும் திரும்பு பாதை தனியாகக் கவனிக்க வேண்டியது. காரில் ஒவ்வொரு கருவிக்கும் மின்சாரம் ஒயர் வழியாகப் போகிறது. பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடல் வழியாகத் திரும்புகிறது. என்ஜின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் உடலுக்கும் இடையே தடித்த எர்த் பட்டை ஒன்று இருக்கும். இந்தப் பட்டை துருப்பிடித்தாலோ தளர்ந்தாலோ மின்சாரம் வேறு வழி தேடும். பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் கேபிளின் இரும்பு உறை வழியாகவே செல்ஃப் மின்சாரம் பாய்ந்து அது சூடேறியது உண்டு. பின்விளக்குத் தொகுப்பின் எர்த் போய்விட்டால் பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கு துடிக்கும். தொடர்பில்லாத பல கருவிகள் சேர்ந்தாற்போலக் கோளாறு காட்டினால் அவை ஒவ்வொன்றையும் சோதிப்பது வீண்வேலை. அவற்றுக்குப் பொதுவான எர்த் எது, பொதுவான ஃபியூஸ் எது என்று வண்டியின் ஒயரிங் படத்தில் பார்த்தால் இடம் சுருங்கிவிடும்.

வேலை நோட்டில் தொடங்குகிறது. பழுது வந்த நேரம், வெயிலா மழையா, என்ஜின் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, ஏசி போட்டிருந்ததா, ஸ்டியரிங் திரும்பியிருந்ததா, சாலை மேடுபள்ளமா, எந்தெந்த எச்சரிக்கை விளக்குகள் எரிந்தன, எப்படிச் சரியானது என்று ஒவ்வொரு தடவையும் எழுதிவைக்க வேண்டும். நாலைந்து பதிவுகளிலேயே ஒரு வடிவம் தெரியத் தொடங்கும்.

சூடானதும் நின்று, ஆறினதும் கிளம்பும் வண்டியில் முதல் சந்தேகம், என்ஜினின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார்மேல் விழும். அதற்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருந்தால், சூட்டில் அது விரிந்து எங்கோ ஓரிடத்தில் பிரிந்துவிடும், குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். அளந்து பார்க்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 25 டிகிரியில் 800 ஓம் காட்டிய சுருள் 100 டிகிரியில் 1,000 ஓமைத் தாண்டுவது இயல்பே. முடிவிலி காட்டினால்தான் பழுது. வெப்பத்தோடு சேர்ந்த இன்னொரு பழைய எதிரி ரிலேக்குள் இருக்கும் பற்றவைப்பு. 1980களிலும் 90களிலும் வந்த ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களின் மெயின் ரிலே இதற்குப் பேர்போனது. டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த அந்த ரிலேதான் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் தந்தது. வெயிலில் நிறுத்திய வண்டியில் அதன் பற்றவைப்பில் இருந்த நுண்விரிசல் திறந்துகொள்ளும். செல்ஃப் சுற்றும், என்ஜின் பிடிக்காது. உள்ளே காற்றோட்டம் வந்து குளிர்ந்தால் பிடித்துக்கொள்ளும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து இரண்டு விநாடி கேட்க வேண்டிய பம்பின் ரீங்காரம் கேட்காததே அடையாளம். உரிமையாளர்கள் பலர் அந்த ரிலேயைத் திறந்து விரிசல்மேல் மறுபடி ஈயம் வைத்தே சரிசெய்துகொண்டார்கள்.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஹாரன் அடிக்காமல் போவதும் ஏர்பேக் விளக்கு எரிவதும் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் பட்டை ஒயரைக் காட்டிக்கொடுக்கும். கதவு ஜன்னலோ ஸ்பீக்கரோ கதவு இருக்கும் நிலையைப் பொறுத்து வேலை செய்தால், கீலுக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர்களைப் பார்க்க வேண்டும். பல்லாயிரம் தடவை வளைந்ததில் உள்ளே செம்பு ஒடிந்திருக்கும், மேலே இன்சுலேஷன் மட்டும் முழுசாக இருக்கும். மெதுவாக இழுத்தால் நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். ஒடிந்த ஒயரின் உறை மட்டும் ரப்பர்போல நீளும். மழைக்குப் பிறகு மட்டும் வரும் பழுதுக்குக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கும் பாதையில் உள்ள கப்ளர்களும், வைப்பருக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியும் முதல் இடம். வெள்ளத்தில் முழுகிய கார்களில் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் தள்ளிப்போயும் வரும். ஒயருக்குள் ஏறிய ஈரம் செம்பைப் பச்சையாக்கிக்கொண்டே போகும்.

நிபந்தனை தெரிந்தும் காரணத்தைத் திருத்தாமல் விட்டதற்கு மோட்டார் வாகன வரலாற்றில் ஒரு துயரமான சான்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 2000களில் தயாரித்த செவ்ரலே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய கார்களில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இக்னிஷன் ஸ்விட்ச் ஆன் நிலையிலிருந்து நழுவியது. என்ஜின் நின்றது, ஸ்டியரிங் இறுகியது, மோதலில் ஏர்பேக் விரியவில்லை. கனமான சாவிக்கொத்து தொங்கும்போது முழங்கால் இடித்தாலோ சாலை குலுக்கினாலோ இது நடந்தது. பட்டறையில் நிற்கும் வண்டியில் எதுவும் தெரியாது. சாவிக்கொத்தின் கனத்தைக் குறைக்குமாறு வாடிக்கையாளர்களிடம் சொல்லச் சொல்லி 2005லேயே டீலர்களுக்குக் குறிப்பு போயிருந்தது. 2006ல் ஸ்விட்ச்சின் உட்பாகம் மாற்றப்பட்டது. ஆனால் பாக எண் மாற்றப்படவில்லை. அதனால் பழையதும் புதியதும் வேறு வேறு என்று வெளியில் யாருக்கும் தெரியவில்லை. வழக்கு ஒன்றுக்காக ஆராய்ந்த பொறியாளர் ஒருவர், விபத்தில் சிக்கிய காரின் ஸ்விட்ச்சையும் கடையில் வாங்கிய புதிய ஸ்விட்ச்சையும் பிரித்து அருகருகே வைத்து அளந்தபோதுதான் அந்தச் சிறு வித்தியாசம் வெளிப்பட்டது. 2014 பிப்ரவரியில் கார்களைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தது. பிறகு அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

அந்தப் பொறியாளர் செய்த ஒப்பீடு வீட்டிலும் செய்யக்கூடியது. ஹாரனுக்கும் பம்புக்கும் ஒரே வகை ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். பழுது ரிலேயோடு இடம் மாறினால் ரிலேதான் காரணம். இடப்பக்க விளக்கின் அளவீட்டை வலப்பக்க விளக்கோடு ஒப்பிடலாம்.

கருவியை எடுக்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டியவை உண்டு. பேட்டரி கிளாம்பைக் கையால் திருகினால் அசையக் கூடாது. பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். எலி கடித்த தடம் இருக்கிறதா என்று பானெட்டுக்குள் தேட வேண்டும். பல நாள் நிற்கும் வண்டிகளில் இது சாதாரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி வாங்கிய பிறகு சேர்த்தவை: கூடுதல் ஹாரன், ஃபாக் லைட், மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, திருட்டுத் தடுப்பு அலாரம். உள்ளே ஓடும் ஒயரை உரித்து, முறுக்கி, டேப் சுற்றிய இணைப்பு ஒன்று அகப்பட்டால் அதை விட்டு வேறெங்கும் தேடத் தேவையில்லாமலே போகலாம். அடுத்தது பேட்டரியின் வோல்ட்டேஜ். முழுச் சார்ஜில், ஓய்வில் 12.6 வோல்ட், என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை, செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். பேட்டரியே தளர்ந்திருந்தால் மற்ற எல்லா அளவீடும் குழப்பும்.

பிறகு ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சாக்கெட் அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமாயிற்று. இந்தியக் கார்களில் 2010களில் பரவியது. அதில் மாட்டும் மலிவான ஸ்கேனரும் கைபேசியும் சேமித்த பிழைக் குறியீடுகளைக் காட்டும். பழுது நேர்ந்த கணத்தில் என்ஜினின் வேகமும் சூடும் எவ்வளவு என்பதையும் பல வண்டிகளில் காட்டும். நோட்டில் எழுதியதற்கு இது துணைச் சாட்சி. ஆனால் குறியீடு சுட்டுவது சுற்றை, பாகத்தை அல்ல. பி 0335 என்று வந்தால் கிராங்க் சென்சாரின் சுற்றில் கோளாறு என்று பொருள். சென்சார், அதன் கப்ளர், ஒயர், கணினியின் முனை என்று நான்கு இடமும் அதில் அடக்கம். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து குறியீடுகள் குவிந்தால் பத்துப் பாகம் கெடவில்லை. ஒரு கணம் வோல்ட்டேஜ் சரிந்திருக்கிறது அல்லது கணினிகள் பேசிக்கொள்ளும் பொது ஒயர்களில் தொடர்பு விட்டிருக்கிறது. பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்திய கேன் முறையில் அந்த இரட்டை ஒயரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சாக்கெட்டின் 6, 14 ஆகிய முனைகளுக்கிடையே அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

மல்டிமீட்டர் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அதன் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம். சுற்றிலிருந்து அது இழுப்பது ஏறத்தாழ ஒரு மைக்ரோஆம்பியர்தான். ஒரு தொடர்பு ஒரு லட்சம் ஓம் அளவுக்குக் கெட்டிருந்தாலும் மீட்டர் 12.5 வோல்ட் காட்டும். அந்த ஒயரில் விளக்கை மாட்டினால் எரியவே எரியாது. ஓம் அளந்து பார்ப்பதைவிட, மின்சாரம் ஓடும்போது எங்கே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பதே நம்பகமானது. செல்ஃப் சுற்றுக்கு, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தூணில், கிளாம்பில் அல்ல, ஈயத் தூணிலேயே வைக்க வேண்டும். கறுப்பு முனையைச் செல்ஃபின் தடித்த டெர்மினலில். உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்பும்போது 0.5 வோல்ட்டுக்குமேல் காட்டினால் அந்தப் பாதையில் தடை இருக்கிறது. மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டு வந்தால், எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் தாவுகிறதோ அதுதான் இடம். நெகட்டிவ் தூணுக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே 0.2 வோல்ட் அளவே இருக்கலாம். சிறு சுற்றுகளில் ஓர் இணைப்புக்கு 0.1 வோல்ட் இழப்பே சந்தேகத்துக்குரியது. டெஸ்ட் லேம்பை விளக்கு, ஹாரன், பம்ப் போன்ற சுற்றுகளில் தாராளமாகப் பயன்படுத்தலாம். கணினியின் முனைகளிலும் சென்சார்களிலும் கூடாது. ஏர்பேகின் மஞ்சள் ஒயர்களையும் ஹைப்ரிட் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்களையும் தொடவே கூடாது. அவை பயிற்சி பெற்றவர்களுக்கானவை.

வடிவம் தெரிந்து, சந்தேகப் பகுதியும் சுருங்கிவிட்டால், பழுதை வரவழைக்கலாம். மீட்டரை மினிமம், மேக்ஸிமம் பதியும் நிலையில் மாட்டிவிட்டு, என்ஜின் ஓட, ஒயர்க்கட்டைப் பகுதி பகுதியாக மெல்ல அசைக்க வேண்டும். ஒரேயடியாகக் குலுக்கினால் எந்த இடம் என்று தெரியாது. சூட்டில் வருவதற்குத் தலைமுடி உலர்த்தியால் ரிலேயையும் சென்சாரையும் ஒவ்வொன்றாகச் சூடாக்கலாம். ஈரத்தில் வருவதற்கு, துணிக்கு இஸ்திரி போடும்போது பயன்படும் தெளிப்பான் போதும்; கீழேயிருந்து மேலாகத் தெளித்தால் எந்த உயரத்தில் பழுது தொடங்குகிறது என்று பிடிபடும். சுமையில் வருவதற்கு முகப்பு விளக்கு, ஏசி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண மீட்டர் ஒரு விநாடிக்குச் சில தடவை மட்டுமே அளக்கிறது. என்ஜின் கணினி அதைவிட மிக விரைவாக அளக்கிறது. ஆகவே மீட்டரில் எதுவும் தெரியாவிட்டாலும், அசைத்த கணத்தில் என்ஜின் ஒரு துடிப்பு தவறினால் அந்தத் துடிப்பை நம்பலாம்.

எப்போதாவது ஃபியூஸ் எரியும் வண்டியில் இதே முறை வேறு வடிவம் எடுக்கிறது. எங்கோ உரசித் தேய்ந்த ஒயர் உடலைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. பெரிய ஃபியூஸ் போடுவது தீ விபத்தில் முடியும், ஒயரே ஃபியூஸாகிவிடும். எரிந்த ஃபியூஸின் இடத்தில் 55 வாட் ஹாலஜன் பல்பைத் தொடராக மாட்டினால், எவ்வளவு பெரிய ஷார்ட் ஆனாலும் ஏறத்தாழ நாலரை ஆம்பியருக்குமேல் பாயாது. அந்தச் சுற்றின் கருவிகளையெல்லாம் கழற்றிவைத்துவிட்டு ஒயர்க்கட்டை அசைத்தால், ஷார்ட் ஆகும் கணத்தில் பல்பு பளிச்சென்று எரியும். பல்பு கடுமையாகச் சூடேறும் என்பதால் பிளாஸ்டிக்கில் படாமல் தொங்கவிட வேண்டும்.

கண்டுபிடித்த இடத்தைத் திருத்துவதிலும் கவனம் வேண்டும். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த பழுதுக்கு விதை. பற்றவைத்த ஒயரும் அதிரும் இடத்தில் நீடிக்காது. ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்த விளிம்பில் ஒடியும். சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்திய இணைப்பும், அதன்மேல் சூட்டில் சுருங்கும் உறையும் நிலைக்கும். கப்ளருக்குள் இருக்கும் பெண் முனையின் பிடிப்பைச் சோதிக்க அதே அளவுள்ள தனி ஆண் முனை ஒன்றைச் செருகி இழுத்துப் பார்க்கலாம். வழுக்கிக்கொண்டு வந்தால் எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை, முனையையே மாற்ற வேண்டும். எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயின்டும் துருவும் போகத் தேய்த்து, இறுக்கிய பிறகு வெளிப்பக்கம் கிரீஸ் பூசலாம். ஒயரைச் சோதிக்க ஊசியால் இன்சுலேஷனைக் குத்தும் பழக்கத்தை விட வேண்டும். அந்தத் துளையில் ஈரம் இறங்கும். கப்ளரின் பின்பக்கத்தில் ஒயரை ஒட்டி மெல்லிய முனையைச் செருகினாலே அளவு கிடைக்கும்.

திருத்தியாயிற்று என்று சொல்வதற்கு முன் நோட்டுக்குத் திரும்ப வேண்டும். பழுது எந்தச் சூட்டில், எந்தச் சுமையில், எந்தச் சாலையில் வந்ததோ அதே சூழலை மறுபடி உண்டாக்கி, முன்பு எண் தாவிய அதே இணைப்பில் வோல்ட் இழப்பை அளந்து, முந்திய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். குறியீடுகளை அழித்துவிட்டு, குளிர்ந்த நிலையிலிருந்து முழுச் சூடு வரை சில தடவை ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். இழப்பு 0.1 வோல்ட்டுக்குக் கீழே நின்று, குறியீடும் திரும்பாவிட்டால் வேலை முடிந்தது. வோல்ட் இழப்பு குறையாமலே பழுது மறைந்திருந்தால் சரியான இடம் இன்னும் அகப்படவில்லை. கப்ளரைக் கழற்றி மாட்டியதில் கருந்தூள் மட்டும் நகர்ந்திருக்கிறது.